தொட்டி ஆமைகளுக்கு வெயில் காயும் மேடை அமைத்தல்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு குடும்பம் குஞ்சுப் பருவத்திலிருந்து வளர்த்துவரும் இரண்டு செங்காது ஆமைகளைப் பற்றியது இந்த ஆய்வு. ரெட் இயர்டு ஸ்லைடர் என்று வளர்ப்பவர்களிடையே வழங்கும் இந்த நன்னீர் ஆமையினத்தில் பெண், ஆணைவிட நன்றாகவே பெரிதாகும். முழு வளர்ச்சியடைந்த பெண்ணின் ஓடு 25 முதல் 30 செ.மீ. வரை நீளக்கூடும். இவ்வீட்டுப் பெண் ஆமையின் ஓடு அப்போது 20 செ.மீ. நீளமும் 16 செ.மீ. அகலமும் இருந்தது; எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். ஆணின் ஓடு 13 செ.மீ. மட்டுமே.

இரண்டும் 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம் கொண்ட கண்ணாடித் தொட்டியில் இருந்தன. அவை உள்ளங்கையில் அடங்கும் அளவில் இருந்தபோது வாங்கிய மிதவை மேடை ஒன்று, கண்ணாடியில் அழுத்தி ஒட்டும் ரப்பர்க் கிண்ணங்களின் உதவியால் ஒரு மூலையில் நின்றது. பின்னாளில் அது போதவில்லை என்று தோன்றியதால், எதிர் மூலையில் தட்டைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். கற்குவியலின் உச்சி நீருக்கு மேல் தெரிய வேண்டும் என்பதற்காகவும், மிதவை உயர்ந்தால் ஆமை விளிம்பைத் தாண்டிவிடும் என்ற அச்சத்தாலும், நீரை 22 செ.மீ. உயரத்துக்கே நிரப்பினார்கள். 50 செ.மீ. உயரத் தொட்டியில் பாதிக்கு மேல் வெறும் காற்றுதான் இருந்தது.

"எங்கள் ஆமைகளுக்கு மேலே ஏறிக் காய்வதில் விருப்பமே இல்லை, எப்போதும் தண்ணீரில்தான் கிடக்கின்றன, இது அவற்றின் இயல்பா?" என்பதுதான் அவர்கள் என்னிடம் கேட்டது. பெண் ஆமையின் வயிற்றுப்பக்க ஓட்டில் வெளிறிய சிறு குழி ஒன்று தெரிந்த பிறகே இந்தக் கேள்வி அவசரமாகியிருந்தது.

கண்டவை

முதலில் மேடையைத் தொடாமல் ஆமைகளை மட்டும் தள்ளி உட்கார்ந்து பார்த்தோம். பெண் ஆமை மிதவையின் அருகே வந்து முன்னங்கால்கள் இரண்டையும் அதன் விளிம்பில் ஊன்றி உடலை இழுக்கும். பாதி உடல் ஏறியதும் மிதவையின் அந்தப் பக்கம் நீருக்குள் அமிழ்ந்து, ஆமை வழுக்கிக்கொண்டு பின்னுக்கு விழும். சிறிது நேரம் சுற்றிவிட்டு மீண்டும் வரும். விருப்பமில்லாத விலங்கு இப்படிச் செய்யாது. ஆணின் எடையை மிதவை தாங்கியது என்றாலும், அதன் மேற்பரப்பு நீர்மட்டத்தோடு சமமாகிவிட்டதால், ஏறிப் படுத்திருந்த நேரத்திலும் அதன் வயிற்றுப்பக்க ஓடு நனைந்தபடியே இருந்தது.

கற்குவியல் இதைவிடக் கவலை தந்தது. அடுக்குக்கும் பின்பக்கக் கண்ணாடிக்கும் நடுவே, ஆண் ஆமை நுழையலாம், திரும்ப முடியாது என்னும் அளவில் ஓர் இடைவெளி இருந்தது. ஆமைக்கு நுரையீரல்தான் உண்டு; நீருக்கடியில் சிக்கிக்கொண்டால் மூழ்கித்தான் சாகும். நீந்தத் தெரிந்த விலங்கு மூழ்காது என்ற நம்பிக்கை வளர்ப்பவர்கள் பலரிடமும் இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்து வெப்பமானியை எடுத்தோம். நீரின் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ். மிதவையின் மேற்பரப்பு 27 டிகிரி. மேடையின் மேலே தொங்கிய விளக்கு எல்இடி. வெளிச்சம் தந்ததே தவிர வெப்பம் தரவில்லை. "குளிர் தாங்காது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஹீட்டரை உயர்த்தி வைத்திருந்தார்கள்.

என் பார்வையில் சிக்கலின் மையம் இந்த இரண்டு எண்களில்தான் இருந்தது. ஆமை தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் விலங்கு அன்று. வெப்பமான இடத்துக்கும் குளிர்ந்த இடத்துக்கும் மாறி மாறிச் சென்றே அதைச் சீராக்கிக்கொள்கிறது. நீர் மேடையைவிடச் சூடாக இருக்கும்போது, மேலே ஏறுவது அதற்குக் குளிரில் போய் உட்காருவதாகும். மேடை எவ்வளவு அழகாக அமைந்தாலும், நீரைவிட அது 7, 8 டிகிரியாவது கூடுதலாக இருந்தால் ஒழிய, ஆமைக்கு ஏறுவதற்கான காரணம் இல்லை.

சன்னல் வழியாகத் தொட்டிமீது காலை வெயில் விழுவதால் புற ஊதாக் கதிர் கிடைக்கிறது என்றும் குடும்பத்தினர் கருதியிருந்தார்கள். சாதாரணக் கண்ணாடி, யுவிபி எனப்படும் நடுத்தரப் புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். தோலில் வைட்டமின் டி3 உருவாவதற்கு 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான அந்தக் கதிர்தான் வேண்டும். டி3 இல்லாவிட்டால் உணவில் இருக்கும் கால்சியம் உடலில் சேராது, நாளடைவில் எலும்பும் ஓடும் மென்மையாகும். இவ்விரு ஆமைகளின் ஓடும் அழுத்திப் பார்க்கையில் உறுதியாகவே இருந்தது; உணவில் டி3 சேர்ந்த தீவனம் இருந்தது காரணமாகலாம். ஆனால் முதுகோட்டில் பாசி படிந்திருந்தது. உரிந்து விழ வேண்டிய பழைய தகடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தங்கி, விளிம்புகள் மங்கித் தெரிந்தன.

உடனடி முடிவுகள்

கற்குவியலை அன்றே அகற்றினோம். இரண்டாவதாக, கட்டுமானம் எதையும் தொடங்குவதற்கு முன் ஊர்வனவற்றுக்கு மருத்துவம் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் இரண்டையும் காட்டும்படி கேட்டுக்கொண்டேன். ஓட்டில் தோன்றும் குழி மேலோட்டமான அழுகலா, எலும்புவரை இறங்கியதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. மேடை கட்டினால் சரியாகிவிடும் என்று காத்திருப்பது ஆபத்தான சோம்பல்.

பெண்ணுக்கு ஓட்டழுகலின் தொடக்க நிலை என்று மருத்துவர் கண்டறிந்து, காயத்தைச் சுத்தம் செய்யும் முறையையும் மருந்தையும் சொல்லி, நாளின் ஒரு பகுதியில் அதை உலர்ந்த தொட்டியில் வெதுவெதுப்பாக வைத்திருக்கச் சொன்னார். புண் உலரும்வரை நீரின் வெப்பத்தைச் சட்டென்று குறைக்க வேண்டாம், 28 டிகிரிக்கு இறக்கி அங்கேயே நிறுத்துங்கள் என்றும் அறிவுறுத்தினார். நோயுற்ற ஊர்வனவற்றின் எதிர்ப்பாற்றல் உடல் வெப்பத்தைச் சார்ந்திருப்பதால் அந்த அறிவுரையை அப்படியே பின்பற்றினோம். ஹீட்டரை 25 டிகிரிக்குக் கொண்டுவரும் திட்டம் பின்னுக்குத் தள்ளிப்போனது. அந்தக் காத்திருப்பு காலம் மேடையைத் திட்டமிடுவதற்குப் பயன்பட்டது.

மேடையின் இடம்

நான்கு வழிகள் பேசப்பட்டன. பெரிய மிதவை ஒன்றை வாங்குவது எளிது. ஆனால் ரப்பர்க் கிண்ணங்கள் பாசி படிந்த கண்ணாடியில் நெடுநாள் பிடித்து நிற்பதில்லை, எடை கூடக் கூட மிதவை மீண்டும் அமிழும். கல்லடுக்கு வேண்டாம் என்பதற்கு, மேலே சொன்ன ஆபத்தோடு, சரிந்தால் அடிக்கண்ணாடி உடையும் என்பதும் கழிவு முழுவதும் கல்லிடுக்கில் சேரும் என்பதும் காரணங்கள். தொட்டியின் உட்புறத்தில் சிலிக்கான் கொண்டு நிலையான தட்டு ஒட்டுவதைக் குடும்பத்தினர் விரும்பினார்கள். அது தோற்றத்துக்கு நன்றாக இருந்திருக்கும். ஆனால் தொட்டியை முழுவதும் வடித்து உலர்த்தி, பூஞ்சைக்கொல்லி கலக்காத சிலிக்கானைப் பூசி, அதன் புளித்த நெடி அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு பெண் ஆமைக்கு இன்றைய அளவில் நிரந்தரமாக ஒன்றை ஒட்டிவைப்பது சரியாகாது.

எனவே தொட்டியின் விளிம்புக்கு மேலே, அதன் நீளத்தில் பாதியை மூடும் பெட்டி ஒன்றை அமைப்பது என முடிவாயிற்று. பெட்டி 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், சுவர்கள் 35 செ.மீ. உயரம். இந்த முடிவின் பெரிய ஆதாயம் மேடையில் இல்லை, நீரில் இருந்தது: மேடை தொட்டிக்கு வெளியே போய்விட்டால் நீரை விளிம்புக்கு 8 செ.மீ. கீழ்வரை நிரப்பலாம். 22 செ.மீ. ஆழம் 42 செ.மீ. ஆகும், ஏறக்குறைய இரு மடங்கு நீர். ஆமை நீந்த இடம் கூடுவதோடு, அழுக்கும் நீர்த்துப்போகும்.

சட்டம் பிவிசி குழாய்களால் ஆனது. பெட்டியின் எடை கண்ணாடியின் ஒரே புள்ளியில் இறங்காமல் மூன்று பக்க விளிம்பிலும் பரவும்படி நீளவாக்கில் கட்டைகள் கொடுத்தோம். கண்ணாடிக்கு வெளிப்புறம் சிறு தடுப்புகள் இறங்கியதால் பெட்டி நகராது. மரப்பலகை ஈரத்தில் ஊறும் என்பதால் தவிர்க்கப்பட்டது. கம்பி வலையின் துத்தநாகப் பூச்சு நீரில் கரையும் என்பதால் அதையும் வேண்டாம் என்றோம். செயற்கைப் புல்விரிப்பு பலர் பயன்படுத்தும் பொருள்தான். ஆனால் நைந்த நார்களை ஆமை கடித்து விழுங்குவதுண்டு.

சாய்தளம்

இத்தகைய பெட்டிகள் தோல்வியடைவது பெரும்பாலும் சாய்தளத்தில்தான் என்பதால், மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே அதிக நேரம் செலவிட்டோம்.

கீழ்முனை நீருக்கு 10 செ.மீ. அடியில் இருக்க வேண்டும்; அப்போதுதான் நீந்தி வரும் ஆமை மார்பைப் பதித்து ஏறத் தொடங்க முடியும், நீர் ஆவியாகிச் சற்று இறங்கினாலும் முனை வெளியே தெரியாது. நீர்மட்டத்திலிருந்து விளிம்பு வரை 8 செ.மீ. ஆக, ஏற வேண்டிய உயரம் 18 செ.மீ. சாய்வு 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டால் சாய்தளத்தின் நீளம் 36 செ.மீ. ஆகிறது. இடத்தை மிச்சப்படுத்த 25 செ.மீ. பலகையைச் செங்குத்தாகச் சாய்ப்பதே வழக்கமாக நடக்கிறது. குஞ்சு ஏறிவிடும், கனத்த பெண் ஆமை ஏறாது.

அகலம் 24 செ.மீ. என வைத்து, ஒரு பக்கம் பின்கண்ணாடியோடு ஒட்டியிருக்கும்படி பொருத்தினோம். மறுபக்கம் மிஞ்சிய 21 செ.மீ. வழியில் 16 செ.மீ. அகலப் பெண் ஆமை தடையின்றி நீந்திச் செல்லலாம். நீருக்குள் வைக்கும் எந்தப் பொருளுக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒன்று இடைவெளியே இருக்கக் கூடாது, அல்லது பெரிய ஆமை தாராளமாகப் போய்த் திரும்பும் அளவு இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுப்பட்ட அளவுதான் சிக்கவைக்கிறது.

பரப்பின்மேல் நெருக்கமான கண்ணுள்ள கெட்டியான பிளாஸ்டிக் வலையைக் கேபிள் டைகளால் கட்டி, வெட்டிய முனைகள் அனைத்தையும் அடிப்பக்கம் திருப்பினோம். கூரான ஒரு முனை மேலே நீட்டிக்கொண்டிருந்தாலும் வயிற்றோட்டையும் தொடையின் மென்தோலையும் கீறிவிடும். சாய்தளத்தின் குழாய்களில் துளையிட்டு நீர் புகச் செய்தோம், உள்ளே காற்று அடைபட்டால் கீழ்முனை மிதந்து எழும் என்பதற்காக.

சாய்தளத்தின் மேல்முனையில் ஆமை தொட்டியின் விளிம்பு உயரத்துக்கு வந்துவிடுகிறது. அங்கிருந்து பக்கவாட்டில் ஒரு எட்டு வைத்தால் தரை. ஆகையால் சாய்தளத்தின் மேற்பகுதிக்கும் 25 செ.மீ. உயரத்துக்குத் தடுப்புத் தகடுகள் எழுப்பப்பட்டன. ஆமைகள் ஏறுவதில் எவ்வளவு பிடிவாதமானவை என்பதை ஒருமுறை பார்த்தவர்கள் இந்த உயரத்தைக் கூடுதல் என்று சொல்லமாட்டார்கள்.

வெப்பமும் புற ஊதாக் கதிரும்

பெட்டியின் ஒரு முனையில், சொரசொரப்பான, பளபளப்புப் பூச்சில்லாத டைல் ஒன்றை விரித்து, அதற்கு நேர் மேலே ஹாலஜன் விளக்கைப் பொருத்தினோம். டைல் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும், கழுவவும் எளிது. டைலின் மேற்பரப்பில் 33 டிகிரி வரும்படி விளக்கின் உயரத்தைச் சரிசெய்தபோது வேலை முடிந்தது போலத் தோன்றியது. ஆனால் ஆமையின் முதுகு தரைமட்டத்தில் இருப்பதில்லை. ஏறக்குறைய முதுகோட்டின் உயரமுள்ள ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் உச்சியில் வெப்பமானியை வைத்துப் பார்த்தால் 39 டிகிரி காட்டியது. விளக்குக்கு அருகே செல்லச் செல்ல வெப்பம் மிக வேகமாகக் கூடும் என்பதால், உயரமான ஓடுள்ள ஆமைக்குத் தரையில் எடுக்கும் அளவு பொய்யாகிவிடும். விளக்கை உயர்த்தி, முதுகின் உயரத்தில் 34 டிகிரி வரும்படி நிறுத்தினோம். தரையில் 31 டிகிரி இருந்தது.

யுவிபி குழல்விளக்கு பெட்டியின் உட்புறக் கூரையில், இடையில் கண்ணாடியோ அக்ரிலிக்கோ இல்லாமல், தயாரிப்பாளர் குறித்திருந்த தொலைவில் பொருத்தப்பட்டது. அதன் கதிர் விழும் இடமும் வெப்பம் விழும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில் கவனமாக இருந்தோம். ஆமை சூட்டைத் தேடி வருகிறது. யுவிபி விளக்கு வேறு மூலையில் எரிந்தால் பயனில்லை. ஆமை விலகி நிற்க நிழலான பகுதியும் பெட்டியிலேயே விடப்பட்டது.

நீருக்கு மேலே மின்விளக்கு என்பதால், பீங்கான் ஹோல்டர், கிளிப்போடு கூடுதலாகச் சங்கிலி, சொட்டும் நீர் பிளக்கை எட்டாதபடி கீழ்நோக்கித் தொய்ந்த ஒயர், மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் பிரேக்கர் ஆகிய நான்கும் விளக்கை எரிய விடுவதற்கு முன்பே பொருத்தப்பட்டன. விளக்குகள் டைமர் மூலம் பகலில் 12 மணி நேரம் எரிந்தன.

முதல் சில வாரங்கள்

ஆண் ஆமை விரைவிலேயே ஏறிவிட்டது. பெண் ஏறவில்லை. அதைக் கையால் தூக்கி மேடையில் விட்டுப் பழக்கலாம் என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். தூக்கும்போது ஆமை மிரள்கிறது, மிரண்ட இடத்துக்குத் தானாக வருவதற்கு மேலும் தயங்கும். அதற்குப் பதிலாகப் பெட்டியின் முன்பக்கம் தாளை ஒட்டி, ஆள் நடமாட்டம் தெரியாதபடி மறைத்தோம். பெண் ஆமை சாய்தளத்தின் அடிவரை அடிக்கடி வரத் தொடங்கியது.

ஆனால் ஒவ்வொரு முறையும் முன்னங்கால்களை ஊன்றியதும் திரும்பிவிட்டது. அருகிலிருந்து கவனித்தபோது காரணம் புலப்பட்டது: அதன் எடை பட்டதும் சாய்தளத்தின் கீழ்முனை விரல் அகலத்துக்குத் தாழ்ந்து எழுந்தது. ஆணின் எடைக்கு அந்த அசைவு இல்லை. பழைய மிதவை பல காலம் அதைக் கவிழ்த்துவிட்டிருக்க, காலடியில் அசையும் எதையும் அது நம்பாதது வியப்பன்று. சாய்தளத்தின் அடியில் குறுக்குக் குழாய் ஒன்றைக் கொடுத்துக் கீழ்முனையைப் பின்கண்ணாடியோடு அழுந்த நிறுத்தினோம். அந்த வாரத்திலேயே பெண் ஆமை மேடைக்கு வந்து, கழுத்தை முழுவதும் நீட்டி, பின்னங்கால்களைப் பின்னுக்கு விரித்து, விரலிடைச் சவ்வுகள் தெரியப் படுத்திருந்தது. அச்சமற்ற ஆமை வெயில் காயும் தோற்றம் அதுதான்.

இன்னொரு குறை பிறகு தெரிந்தது. ஏறிய ஆமையின் உடலிலிருந்து வடிந்த நீர் சமதளமான டைலின்மேல் தேங்கியது. முதுகு காய்ந்தபோதும் வயிற்றுப்பக்க ஓடு ஈரத்தில் ஊறியது. புண் இருந்ததோ வயிற்றோட்டில். டைலை மெல்லிய பட்டைகள்மேல் தூக்கி வைத்து, சாய்தளத்தை நோக்கிச் சற்றே சரித்தோம். நீர் வடிந்தது. அதன் பின்னரே மேடை உண்மையில் உலர்ந்த இடமாயிற்று.

விளைவு

மருத்துவர் மறுபரிசோதனையில் புண் உலர்ந்து ஆறிவருவதாகச் சொன்ன பிறகு, நீரின் வெப்பத்தைச் சிறிது சிறிதாக 25 டிகிரிக்குக் குறைத்தோம். நீருக்கும் மேடைக்கும் இடையே தெளிவான வேறுபாடு வந்ததும் இரண்டு ஆமைகளும் மேலே கழிக்கும் நேரம் கூடியது. அடுத்து வந்த மாதங்களில் முதுகோட்டின் பழைய தகடுகள் மெல்லிய, ஒளி ஊடுருவும் ஏடுகளாக உரிந்து நீரில் மிதக்கத் தொடங்கின. கண்டதும் குடும்பத்தினர் பதறினார்கள். இந்த இனத்தில் அப்படி உரிவது இயல்பு, அடியில் தெரியும் புதிய தகடு வழுவழுப்பாகவும் உறுதியாகவும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும், உரிக்க இழுக்கக் கூடாது என்று விளக்கினோம். பாசியும் காய்ந்து உதிர்ந்தது.

தீராத ஒன்று, இரு ஆமைகளுக்கும் இடையிலான போட்டி. பெண் ஆமை சாய்தளத்தின் உச்சியிலேயே குறுக்காகப் படுத்துவிட்டால் ஆணுக்கு வழியில்லை. அது மேலே இருக்கும்போது பெண் வந்தால் நீருக்குள் குதித்துவிடுகிறது. விளக்குகள் எரியத் தொடங்கும் வேளையில் ஆண் முந்திக்கொண்டு காய்ந்துவிட்டுப் போகிறது என்பதால் தற்போதைக்குச் சமாளிக்க முடிகிறது. ஆணின் ஓட்டில் பாசி மீண்டும் படிந்தாலோ, கடித்த காயம் தென்பட்டாலோ இரண்டையும் தனித்தனித் தொட்டிகளுக்கு மாற்றுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

அடுத்த முறை மாற வேண்டியவை

இரண்டு ஆமைகளுக்கான பெட்டியில் ஒரே ஒரு வெப்பமான இடம் போதாது. நீளம் 80 செ.மீ. ஆகவும், இரு முனைகளிலும் விளக்குகளும், முடிந்தால் இரு சாய்தளங்களும் இருந்தால் மேலே சொன்ன போட்டி பெருமளவு தணியும். பெட்டியின் மூடி கீல் வைத்துத் திறப்பதாக இருக்க வேண்டும். இப்போது துடைப்பதற்குக்கூட மேல்தகட்டை முழுவதும் கழற்ற வேண்டியிருக்கிறது. நீராவி கூரையில் படிந்து விளக்கின்மேல் சொட்டியதால் காற்றுத் துளைகளைப் பின்னர் சேர்க்க நேர்ந்தது. தொடக்கத்திலேயே மேல்விளிம்பு ஓரமாக அவற்றை இடலாம்.

யுவிபி விளக்கு கண்ணுக்கு ஒளிர்ந்துகொண்டே இருக்கும்போதே அதன் புற ஊதா வெளியீடு குறைந்துவிடும். பொருத்திய தேதியை விளக்கின் முனையிலேயே எழுதிவைத்து, எரிகிறதா என்று பாராமல், தயாரிப்பாளர் சொல்லும் காலத்தில், வழக்கமாக ஓராண்டுக்குள், மாற்றிவிட வேண்டும்.

கடைசியாக, பெண் ஆமை அண்மையில் மேடையின் மூலையில் பின்னங்கால்களால் பறிப்பது போன்ற அசைவைக் காட்டத் தொடங்கியிருக்கிறது. இந்த வயதுப் பெண் ஆமை, ஆணோடு சேர்ந்தாலும் சேராவிட்டாலும், முட்டையிடக்கூடும். தோண்ட மண் கிடைக்காவிட்டால் முட்டையை அடக்கிக்கொண்டு நோயுறுவதுமுண்டு. பெட்டியின் மறுமுனையில், ஆமையின் ஓட்டு நீளத்துக்குக் குறையாத ஆழத்தில் ஈரமணலும் மண்ணும் கலந்த தட்டு ஒன்றை இறக்கி வைக்கும் வேலையைக் குடும்பத்தினர் இப்போது தொடங்கியிருக்கிறார்கள். அந்த எடைக்காகச் சட்டத்தின் அப்பகுதிக்குத் தரையிலிருந்து தனியாகத் தாங்குகால்கள் கொடுக்கப்படுகின்றன.